வசனம் யாருக்குச் சொந்தம்?

(ஆலங்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘வேதவசனமும் தனிமனித வாழ்வும்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். கடல் மாதிரி விரிந்த தலைப்பு. அதில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சீர்திருத்தத் திருச்சபையார் கையிலுள்ள வேதப்புத்தகத்தில் 66 ஆகமங்கள், 1189 அதிகாரங்கள், முப்பத்தோராயிரத்துச் சொச்சம் வசனங்கள் இருக்கின்றன. கத்தோலிக்கர் வைத்திருப்பதில் 73 நூல்கள். இத்தனையிலும் ஒரே ஒரு வசனத்தைச் சுட்டி, “இது என் வசனம்” என்று ஒருவர் சொல்கிறாரே, அந்த உரிமை அவருக்கு எங்கிருந்து வருகிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசனம் சீட்டில் வரலாம், காலண்டரில் வரலாம், பிரசங்கத்தில் வரலாம். எந்த வழியில் வந்தாலும் அது நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. கேட்டதைக் கொடுத்தவருக்கு அது சொந்தம். மற்றவர்கள் அதை வாசித்தவர்கள், அவ்வளவுதான்.

தட்டில் வரும் வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் நம் சபைகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுக்கிறோம். விசிட்டிங் கார்டு அளவு இருக்கும். ஓரத்தில் ரோஜாப் பூவோ அருவியோ, நடுவில் ஒரு வசனம். வீட்டுக்கு வந்ததும், “உனக்கு என்ன வந்தது? எனக்கு என்ன வந்தது?” என்று விளக்கடியில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பிறகு அது ஜிப் வைத்த வேதப்புத்தகத்துக்குள் போய்விடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், பிள்ளை பரீட்சைக்குப் போகும்போதும், பெண் பார்க்க வருகிறார்கள் என்னும்போதும் வெளியே வருகிறது.

சுவர்க் காலண்டர் கதையும் இதேதான். அதன் பிறப்பிடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வந்த அச்சுக்கூடம் வளர்ந்து காலண்டருக்குப் போயிற்று. இன்று சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். முருகன், பிள்ளையார், மெக்கா, வேளாங்கண்ணி மாதா, மேய்ப்பன் கோலத்தில் இயேசு என எல்லாரும் ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் இருப்பார்கள். ஜனவரி முதல் தேதி நாம் பரவசத்தோடு வாசிக்கும் வசனம், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பிளேட் போட்டு, மை காய்ந்து, தகரப் பட்டை அடித்துக் கட்டி வைத்த வசனம். அதை அடுக்கித் தூக்கி வைத்தவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அச்சுக்கூடத்தில் அது எல்லாருக்குமான சரக்கு. ஒரு வீட்டுச் சுவரில், ஒருத்தி கண்ணீரோடு நிற்கும் காலையில், அதே தாள் அவளுக்கென்று பேசுகிறது. இந்த இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத்தான் இந்தச் சொற்பொழிவு.

கயிறு சாத்திப் பார்த்தவர்கள்

சீட்டெடுத்துச் சொல்கேட்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது பழைய சங்கதி. திருமுறை ஏட்டுக்கட்டில் கயிறு சாத்திப் பார்ப்பார்கள். கயிறு விழுந்த ஏட்டில் எந்தப் பதிகம் இருக்கிறதோ அதுவே விடை. பெண்ணாகடத்தில் அச்சுதகளப்பாளருக்குப் பிள்ளையில்லை. குலகுருவான சகலாகம பண்டிதர் கயிறு சாத்தினார். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. முக்குளத்தில் நீராடி வழிபடுவோர் பெறும் பேற்றைச் சொல்லும் பதிகம் அது. களப்பாளர் ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. மனைவியோடு திருவெண்காட்டுக்குப் போனார், மூன்று குளத்திலும் மூழ்கினார், நோன்பிருந்தார். பிறந்த பிள்ளைதான் பின்னாளில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் என்பது வரலாறு. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், ஏட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவே அவர் நடந்த நடை.

கிறிஸ்தவ உலகிலும் இப்படித்தான். 386-இல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் அகஸ்டின் கைக்கெட்டிய நிருபத்தைத் திறந்தார். ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வரிகள் கண்ணில் பட்டன. ஆசிரியப் பதவியையும் பேசி வைத்திருந்த திருமணத்தையும் விட்டார். 1728-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் சின்சென்டார்ஃப் பிரபு, நாளுக்கொரு வசனம் என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினார். 1731 முதல் அது வருஷந்தோறும் புத்தகமாக வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றைக்கும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். அந்த ஹெர்ன்ஹூட் சபையார் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தார்கள்.

அந்தப் புத்தகத்தைத் தினமும் கையில் வைத்திருந்தவர் டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர். 1939 ஜூனில் நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு வரவழைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள். வந்த நாளிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜூன் 26 அன்று தற்செயலாக 2 தீமோத்தேயு 4:21 கண்ணில் பட்டது. குளிர்காலம் தொடங்குமுன் புறப்பட்டு வந்துவிடு என்று பவுல் எழுதிய வரி.

அந்த அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சிறையிலிருக்கும் கிழவர் ஒருவர் இளைஞனுக்கு எழுதும் சொந்தக் கடிதம். துரோவா ஊரில் கார்ப்பு என்பவர் வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, புத்தகங்களையும் தோற்சுருள்களையும் மறக்காதே என்கிறார். குளிர் வருகிறது, போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை. இது தீமோத்தேயுவுக்கு எழுதியது, தனக்கல்ல என்று போன்ஹோஃபருக்கு நன்றாகத் தெரியும். வேத பண்டிதர் அவர். தெரிந்தும், இதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் அது வேதத்தைத் தவறாகக் கையாள்வதாகாது என்ற கருத்தில் நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் கப்பலேறினார். 1943-இல் கைது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளாசன்பர்க் முகாமில் தூக்கு. வயது 39.

வேறொருவருக்கு எழுதிய வரி தனக்கும் எழுதியதாக ஆகலாம். அதற்கு என்ன நிபந்தனை என்பதை அவர் கப்பலேறிக் காட்டினார்.

அனனியாவின் இரண்டு வருஷம்

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். வாக்குத்தத்த அட்டையிலும், கல்யாணப் பத்திரிகையிலும், ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் நான் அடிக்கடி காணும் வசனம் எரேமியா 29:11. உங்களைப் பற்றி நான் கொண்டிருப்பது நல்ல எண்ணங்களே, தீமைக்கானவை அல்ல என்று ஆண்டவர் சொல்லும் இடம். படித்தால் நெஞ்சு குளிரும். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. எழுபது வருஷம் ஆன பிறகுதான் உங்களைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்கிறது அது.

இன்னும் ஒரு அதிகாரம் பின்னால் போங்கள். யெகோனியா ராஜாவும் ஜனங்களில் ஒரு பகுதியும் பாபிலோனுக்குச் சிறைபோய்விட்டார்கள். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி, ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தடியைப் பிடுங்கி உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! அந்த வருஷமே அனனியா இறந்துபோனான். அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனுக்குக் கடிதம் அனுப்புகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், சிறைபிடித்துப் போன அந்தப் பட்டணத்தின் நன்மைக்காகவே பாடுபடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார்.

எழுபது வருஷம் என்றால் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவே மாட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தங்கள் பேரன் பேத்திகளுக்கான வாக்குத்தத்தம். தங்கள் பங்குக்கு அவர்கள் செய்ய வேண்டியது, அந்நிய மண்ணில் மரம் நடுவது.

இந்த ஆலங்குளத்தில் இதைச் சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கரிசலுக்கு அடியில் கிடந்த சுண்ணாம்புக்கல்லை நம்பி 1970-இல் இங்கே அரசு சிமென்ட் ஆலை வந்தது. ஆலை வேலைக்கென்று பல ஊர்ச் சனம் வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியது. பிழைக்க வந்த ஊரின் நன்மையைத் தேடுவது என்றால் என்ன என்பதை எரேமியா 29:7-ஐ வைத்துக்கொண்டு இந்த ஊரில் நன்றாகவே பேசலாம். நாமோ 11-ஐ மட்டும் வெட்டி எடுத்து, பையனுக்கு வெளிநாட்டு விசா கிடைக்கும் என்று பொருள் சொல்லிக்கொள்கிறோம். விசாவுக்கு ஜெபிப்பதில் தப்பில்லை. ஆனால் அது எரேமியாவின் எழுபதா, அனனியாவின் இரண்டா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறுதல் தேடுவதை நான் இளப்பமாகப் பேசவில்லை. எங்கள் பாட்டிக்கு எழுத்துக்கூட்டவும் வராது. 121-ஆம் சங்கீதம் முழுக்கப் பாடம். வீட்டிலிருந்து யார் வெளியே கிளம்பினாலும், போகிறதையும் வருகிறதையும் கர்த்தர் காப்பார் என்ற கடைசி வசனத்தைச் சொல்லித்தான் வாசற்படியைத் தாண்டவிடுவார். எருசலேமுக்கு யாத்திரை போகிறவர்கள் பாடும் பதினைந்து பாட்டுகளில் ஒன்று அது. யாத்திரைக்காரன் மலையைப் பார்ப்பது அழகை ரசிக்க அல்ல. மலையில் கள்ளர் பயமும், பள்ளத்தில் கால் இடறும் பயமும் உண்டு. மேற்கே நம் மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சதுரகிரிக்கு நடந்துபோகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு, இது சொல்லாமலே விளங்கும். பயணம் இருந்தால்தான் காவல் தேவைப்படும். பாட்டி அந்த வசனத்தைப் புறப்படுகிறவர்களுக்குத்தான் சொன்னார்.

இந்த மண்ணில் விழுந்த ஒருவர்

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு கதைக்கு வருகிறேன். தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் நாலாவதாகத் தேறி, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோவாக இருந்தவர். சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தின் வழியே சென்னைக்கு வந்து காரியதரிசியாக மேசை வேலை பார்த்தார். அங்கேயே கௌரவமாகக் காலம் தள்ளியிருக்கலாம். அவர் கண் திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியில் விழுந்தது. அன்றைக்கு சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் எல்லாம் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தன. 1854-இல் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு இங்கே வந்தார். பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்து, ஓர் ஊர்ச் சுற்றுவட்டாரம் முடிந்ததும் பிடுங்கி, அடுத்த ஊருக்கு நகர்ந்தார்கள்.

கூடவே வந்தவர்களைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் காணிக்கையில் செலவு கொடுத்து, முறைவைத்து, உபதேசிமார்களை மாதம் மாதம் இங்கே அனுப்பின. அவர்களும் இதே கரிசல் காட்டில், இதே வெயிலில் நடந்தார்கள். மிஷனரி ஐயர்மார் பெயர் புத்தகத்தில் ஏறிவிட்டது. உபதேசியார் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை.

ராக்லாந்து ஐயர் பிடித்துக்கொண்ட வசனம் யோவான் 12:24. தானியம் மண்ணில் விழுந்து சாகாவிட்டால் தனியே கிடக்கும், செத்தால் மிகுந்த பலன் கொடுக்கும் என்று இயேசு சொன்ன இடம். ஊழியம் வாய்க்க எத்தனையோ திட்டங்கள் உண்டு, ஆனால் தப்பாத திட்டம் கிறிஸ்து காட்டிய இதுதான் என்ற கருத்தில் அவர் எழுதினார். கணிதம் படித்த மூளை எழுதிய வாக்கியம் அது. எந்த வழி நிச்சயம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, விடையைத் தன் மேலேயே பிரயோகித்தார். நெஞ்சு நோய் அவரை விடவில்லை. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்தார். வயது 43. அதுவரை கையில் வந்த பலன் மிகச் சொற்பம். கணக்குப் பார்க்கிற எந்தக் கமிட்டியும் தோல்வி என்றே எழுதியிருக்கும். பிறகு எழுந்த சாட்சியாபுரத்தையும் சுற்றிலும் உண்டான சபைகளையும் பள்ளிகளையும் அவர் பார்க்கவில்லை.

அக்டோபர் 22 என்றால் ஐப்பசி. கரிசலில் விதைப்புக் காலம். நம் சனத்துக்கு அந்த வசனத்தை விளக்க வேண்டியதே இல்லை.

இவருடைய வரலாற்றைப் புத்தகமாக எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அவருக்கும் ஒரு வசனம் இருந்தது. இளம்பெண்ணாக பெல்ஃபாஸ்ட் நகரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது, மூட்டை சுமந்த ஏழைக் கிழவிக்குத் தம்பிமாரோடு சேர்ந்து கைகொடுத்தார். கௌரவமான சபையார் பார்க்கிறார்களே என்று முகம் சிவந்தது. அந்த நேரத்தில் 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரம் காதில் விழுந்தது போலிருந்ததாம். பொன், வெள்ளி, விலையுயர்ந்த கல்லால் கட்டுகிறவனும் உண்டு, மரம், புல், வைக்கோலால் கட்டுகிறவனும் உண்டு, நெருப்பு எல்லாவற்றையும் சோதிக்கும் என்ற பகுதி. பின்பு அவர் நம் நாட்டுக்கு வந்து, 1901-இல் கோயிலுக்கு விடப்படவிருந்த சிறுமி ஒருத்தி தஞ்சம் புகுந்ததிலிருந்து, பிள்ளைகளுக்கென்றே வாழ்ந்தார். 1951-இல் இறந்தபோது தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, ‘அம்மை’ என்று பொறித்தார்கள். எந்தக் கல்லால் கட்டுவது என்று வாழ்நாளெல்லாம் கவலைப்பட்டவர், தமக்கென்று ஒரு கல்லும் கேட்கவில்லை.

குலுக்கையின் அடியில் இருந்த கம்பு

அறுப்பின் பண்டிகையில் நாம் வாசிக்கும் 126-ஆம் சங்கீதமும் விதைப்பைப் பற்றியதுதான். கண்ணீரோடு விதைக்கிறவன் கெம்பீரத்தோடு அறுப்பான் என்கிறது. விதைக்கிறவன் ஏன் அழ வேண்டும்? பட்டணத்துப் பிரசங்கியாருக்கு இதைப் பலவிதமாக ஆவிக்குரிய பொருளில் விளக்க வேண்டியிருக்கிறது. கரிசல்காட்டுச் சம்சாரிக்கு அது தேவையில்லை.

மழை பொய்த்த வருஷத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மண் குலுக்கையில் கம்பு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மிச்சமிருப்பது விதைக் கம்பு. வேப்பிலை போட்டு, சாம்பல் கலந்து, தனியாக முடிந்து வைத்தது. பிள்ளைகள் பசியில் குலுக்கையைச் சுற்றி வருகின்றன. அம்மா கையை விட்டு அளந்து பார்க்கிறாள். குத்திக் காய்ச்சினால் ஒரு வாரம் ஓடும். வானத்தில் மேகம் கூடியிருக்கிறது. பெய்யுமா என்பது தெரியாது. அந்த நேரத்தில் புருஷன் அந்த முடிச்சை எடுத்து, பிள்ளைகள் பார்க்க, கொண்டுபோய் மண்ணில் போடுகிறான். அவன் அழாமல் வேறு யார் அழுவார்கள்? பிள்ளை வாயிலிருந்து எடுத்துத்தான் விதைக்கிறான்.

1876 முதல் 78 வரை நம் பக்கத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் விதைத் தானியத்தையும் தின்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் எடுத்து விதைத்த கைக்குத்தான் 126-ஆம் சங்கீதம் முழுசாகத் தெரியும். அட்டையில் அந்த வசனம் வந்தால் நாம் அறுப்பு என்ற பாதியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். முதல் பாதி கேட்பது என்ன? இந்த வருஷம் என் பசிக்கு வைத்திருப்பதில் எதை எடுத்து மண்ணில் போடப்போகிறேன் என்பது. பணமாக இருக்கலாம், நேரமாக இருக்கலாம், பங்காளியோடு வைத்திருக்கும் வழக்கை விட்டுக்கொடுப்பதாக இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

சொற்பொழிவு முடிந்தால் காப்பி குடித்துவிட்டுக் கலைந்துபோவது வழக்கம். அதற்குமுன் இரண்டு வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

ஒன்று, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு. மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுக்கிறோம், நல்லது. வசனத்தைச் சொன்ன பிள்ளையிடம் இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சொன்னது யார்? எந்தக் கஷ்டத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்? கேட்டவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டியிருந்தது? பிலிப்பியர் 4:13-ஐச் சொல்லி எல்லாம் என்னால் முடியும் என்று மார்தட்டும் பிள்ளைக்கு, அதற்கு முந்தின வசனத்தில் பட்டினி கிடக்கவும் கற்றுக்கொண்டேன் என்று சிறையிலிருந்தவர் எழுதியிருப்பது தெரியட்டும். அரைமணி நேர வகுப்பில் இதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

இரண்டாவது, சபை மூப்பர்களுக்கு. உங்கள் சபையில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு வசனமும் இருக்கும். ஒரு நோட்டு வாங்கி, வாலிபர்களை அனுப்பி எழுதச் சொல்லுங்கள். “உங்களுக்குப் பிடித்த வசனம் எது?” என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வந்து முடிந்துவிடும். “அந்த வசனத்தால் நீங்கள் எதைச் செய்தீர்கள், எதை விட்டீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். குடித்ததை நிறுத்தியவர், தம்பி பிள்ளைகளை வளர்த்தவர், சாதி பார்த்து நிறுத்திய கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் என்று நோட்டு நிறையும். பெயர் எழுதப்படாத உபதேசிமார்களுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர வேண்டாம்.

அந்த நோட்டுகள் நிறைந்தபின், அடுத்த வருஷம் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னைப்போல் வெளியாளைத் தேடி அலைய வேண்டியிருக்காது. அவற்றிலிருந்து பத்துப் பக்கத்தை ஒரு வாலிபன் எழுந்து நின்று வாசித்தால் போதும். என்னுடையதைவிட அது நல்ல சொற்பொழிவாக இருக்கும்.